கரண்ட் தருவது யார் வேலை?

ஒரு வீட்டுக்கு ஒரு மின்சார வாரியம் போதாதா? மீட்டர் இருக்கிறது, சர்வீஸ் நம்பர் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுத்துக் குறித்துவிட்டுப் போனதும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். அப்புறமும் பின்கட்டில் தகரம் போட்டு, ஜெனரேட்டரை வைத்து, அதற்கு ஆயில் ஊற்றி, பிளக் துடைத்து, பெட்ரோலுக்கு அலைந்து, நாமே இன்னொரு மின்சார வாரியம் நடத்த வேண்டியிருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் எங்கள் பக்கம் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்வெர்ட்டர் பத்தாமல் ஜெனரேட்டருக்குப் போனவர்களின் பாடு தனிப் பாடு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் அம்மாவுக்கு நுரையீரல் கோளாறு. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கான்சென்ட்ரேட்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து லிட்டர் மெஷின் அது. 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் சேர்ந்திருப்பது மொத்தமே 1,800 வாட்-மணி. அதில் முழுசாக எடுக்கவும் முடியாது. மெஷினோடு ஒரு மின்விசிறியும் ஒரு லைட்டும் ஓடினால் மூன்று மணி நேரம் தாங்குவதே அதிகம். பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை 5 மணி வரைக்கும் போகிறது. மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? சிலிண்டர் ஒன்று மாற்றாக இருக்கிறது. அதை மாற்றி மாற்றி நிரப்பி வாங்குவது இன்னொரு அலைச்சல். அப்படித்தான் ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது. ஆடம்பரத்துக்கு வாங்கியவர்கள் யாரும் எங்கள் தெருவில் இல்லை.

வாங்குகிறபோது கடைக்காரர் விலையைச் சொல்கிறார், எத்தனை கேவிஏ என்று சொல்கிறார். சொல்லாமல் விடுவதுதான் அதிகம். எழுதியிருக்கிற கேவிஏ முழுவதும் நமக்குக் கிடைக்காது. மோட்டாரும் கம்ப்ரஸரும் கிளம்புகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஒரு குதிரைத் திறன் போர் மோட்டார் ஓடுகிறபோது முக்கால் கிலோவாட்தான் என்று நினைத்து இரண்டு கேவிஏ மெஷினில் மாட்டினால், கிளம்பும்போதே ஜெனரேட்டர் முக்கி, ஓவர்லோடு விளக்கு எரிந்து, மொத்தமும் நின்றுவிடும். அம்மாவின் மெஷினும் சேர்ந்து நிற்கும். ஆகவே ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் போடக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது, அயர்ன் பாக்ஸைத் தொடவே கூடாது. காலையிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அறிவிக்காமல் கரண்ட் போனால் தொட்டியில் இருப்பதுதான்.

அடுத்தது, வீட்டு வயரிங்கோடு அதை இணைக்கிற வேலை. அன்றைக்கு எலக்ட்ரீசியன் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

“சேஞ்ச் ஓவர் சுவிட்ச்செல்லாம் எதுக்குண்ணே வெட்டிச் செலவு? ரெண்டு பக்கமும் பின்னு வச்ச ஒரு வயரைப் போட்டு ஹால் பிளக்ல சொருகி விட்டுருவோம். வீடு பூராம் எரியும்.”

எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த வயரின் ஒரு முனை ஜெனரேட்டரில் இருக்கும்போது மறுமுனையின் பின்னில் 230 வோல்ட் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை கை வைத்தால் போயிற்று. அதைவிடக் கொடுமை, மெயினை அணைக்க மறந்துவிட்டால் நம் ஜெனரேட்டரின் கரண்ட் மீட்டர் வழியாகக் கம்பத்துக்கு ஏறும். கம்பத்திலிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். நமக்கு வருகிறபோது 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், திரும்பிப் போகிற கரண்ட்டை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற மனிதர், நம் வீட்டு டிவிக்காக ஓடுகிற ஜெனரேட்டரால் சாவார். நான் அந்த எலக்ட்ரீசியனிடம் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான், கம்பத்துக் கரண்ட் அல்லது ஜெனரேட்டர் கரண்ட், இரண்டும் சேரவே முடியாதபடி பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சைப் போட்ட பிறகுதான் மெஷினைக் கிளப்பினோம். அதோடு தனி எர்த்தும். இதற்காகும் செலவு மெஷின் விலையில் சின்னப் பங்கு. அதைக் கட்டாயம் போட வேண்டும் என்று விற்கிற இடத்திலேயே ஏன் யாரும் சொல்வதில்லை?

எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. எங்கள் ஊர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறம் இல்லை, வாடை இல்லை, மூடிய இடத்தில் சேர்ந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வீட்டுக்குள்ளேயோ, மாடிப்படிக்குக் கீழேயோ, ஷட்டர் இறக்கிய கார் ஷெட்டிலோ வைக்கவே கூடாது. மழையிலும் நனையக் கூடாது. ஆகவே பின்கட்டில், நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகைக்குக் கீழே, புகைக்குழாயைச் சந்துப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறோம். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். அந்த வீட்டில் கைக்குழந்தை.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பிள்ளை இப்பத்தான் தூங்குச்சு” என்று அந்தத் தங்கச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? இந்தப் பக்கம் மூச்சுக்கு மெஷின் ஓடுகிறது, அந்தப் பக்கம் புகையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வேர்வையில் குழந்தை அழுகிறது. இரண்டு வீட்டுக்கும் இடையில் எந்தச் சண்டையும் இல்லை. எங்கள் இருவரையும் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசும்படி வைத்தது எது?

பராமரிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. ஜெனரேட்டர் வைத்துக்கொள்வது மாடு கட்டி வைத்திருப்பது மாதிரிதான். கறக்கிற நாளில் மட்டும் பார்த்துக்கொண்டால் ஆகாது. புது மெஷினுக்கு முதல் இருபது மணி நேர ஓட்டத்திலேயே ஆயில் மாற்ற வேண்டும். பிறகு நூறு மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை. ஏர் ஃபில்டரில் எங்கள் ஊர்ப் புழுதி சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். கரண்ட் போகாத மாதத்திலும் ஒரு கால் மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெட்ரோல்தான் பாடாய்ப் படுத்துகிறது. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஓடுகிற பைக்குக்கு அது பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் சும்மா நிற்கிற ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து, ஊசி முனை அளவுள்ள ஜெட் துவாரத்தில் பிசினாகப் படிந்துவிடுகிறது. மெக்கானிக் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். ஓட்டையே தெரியவில்லை.

“ஓட்டி முடிச்சா சுவிட்ச்ச அணைக்காதீங்கண்ணே. பெட்ரோல் வால்வை மூடிட்டு, உள்ள இருக்கிறது தீர்ந்து தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. அப்பத்தான் அடைக்காது” என்றார் அவர். பொன்னான யோசனை.

சரி, ஓட்டித் தீர்த்துவிடுகிறோம். அடுத்த முறைக்குப் பெட்ரோல்? பல பங்க்குகளில் பாட்டிலிலும் பிளாஸ்டிக் கேனிலும் தருவதில்லை. தீ விபத்து பயம், நியாயமான பயம்தான். ஆனால் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குப் போக முடியுமா? மூச்சுத் திணறுகிற நோயாளி வீட்டில் இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் பங்க்குப் பையனிடம் விளக்கி, தகரக் கேனைக் காட்டி, அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, பிறகு ஊற்றுகிறார்கள். அந்தக் கேனை வீட்டில் எங்கே வைப்பது என்பது இன்னொரு பயம். ஆக்ஸிஜன் ஓடுகிற வீடு அது. ஒரு பொறி போதும்.

செலவையும் பார்த்துவிடலாம். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு இரண்டு யூனிட் கொடுத்தால் பெரிது. லோடு குறைவாக இருந்தால் அதுவும் வராது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது. ஆக, யூனிட் ஐம்பது ரூபாய். கம்பத்திலிருந்து வருகிற கரண்ட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று 2016 முதல் தருகிறார்கள். நன்றிதான். ஆனால் ஒரு பராமரிப்பு நாளில் நாங்கள் நான்கு யூனிட்டை ஓட்டினால் இருநூறு ரூபாய் போய்விடுகிறது. இந்தக் கணக்கு எந்த பில்லிலும் ஏறுவதில்லை. எண்ணெய் எரித்துக் கரண்ட் எடுப்பது எந்த அளவில் செய்தாலும் கை சுடுகிற காரியம். நம் மதுரைக்குப் பக்கத்தில் சமயநல்லூரில் 2001இல் 106 மெகாவாட்டுக்கு எண்ணெய் எஞ்சின்களை நிறுத்தி ஒரு தனியார் மின்நிலையம் தொடங்கினார்கள். வாரியத்துக்கு அதிக விலையில் வந்த மின்சாரங்களில் அதுவும் ஒன்று. வாரியத்துக்கே கட்டாததை ஒரு பென்ஷன் வீடு எப்படித் தாங்கும்?

சோலார் போட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒருவர் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், 78,000 ரூபாய் மானியத்தோடு மூன்று கிலோவாட் பலகை போட்டிருக்கிறார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, பலகை மேலே மினுங்குகிறது, கீழே வீடு இருண்டு கிடக்கிறது. பேட்டரி இல்லாமல் கம்பத்து லைனோடு மட்டும் இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைக் காப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். அதைப் போடுகிறவர்கள் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் பேட்டரிக்கும் சேர்த்தே பணம் தேடியிருப்பார்.

2012ஐ மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். சென்னைக்கு ஒரு மணி நேரமாக இருந்த மின்வெட்டு அந்த ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் இரண்டு மணி நேரமானது. மதுரையிலும் மற்ற மாவட்டங்களிலும் அறிவித்தது நான்கு மணி நேரம், நடந்தது பல நாள்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறைக்காரர்கள் லாபத்தையெல்லாம் டீசலுக்குக் கொட்டினார்கள். இன்வெர்ட்டர் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. அன்றைக்கு மின்சாரமே பற்றாக்குறை. கட்டுப்பாடுகளை 2014 ஜூன் முதல் நீக்குவதாக அறிவித்தார்கள். இன்று நிலைமை வேறு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அவ்வளவையும் கொடுத்தார்கள். மின்சாரம் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வந்து சேருகிற வழிதான் பழுது. ஏசிகள் கூடிய அளவுக்கு டிரான்ஸ்பார்மர் கூடவில்லை. வேப்பங்கிளை லைனில் உரசுகிறது. கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தால் போதும், மழை விழுவதற்குள் கரண்ட் போய்விடுகிறது.

2021 ஜூனில் அணில்களாலும் மின்தடை வருகிறது என்று மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணில் ஓடிக் கம்பிகள் உரசுவது நடக்கிற விஷயம்தான். அணில் ஏறுகிற கிளையை வெட்டுவது யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வெட்டுவது என்றுதான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

நிறுத்துவதையே நான் குறை சொல்லவில்லை. பங்குனியில் பெரிய தேர் கிரிவலப் பாதையில் வருகிறபோது லைனை நிறுத்துவார்கள். யாருக்கும் வருத்தமில்லை. முன்கூட்டியே தெரியும், ஊர் முழுக்கத் தயாராக இருக்கும், தேர் நிலைக்கு வந்ததும் கரண்ட்டும் வந்துவிடும். பராமரிப்பு வேலையும் வேண்டும், இல்லையென்றால் இன்னும் மோசமாகும். எனக்குத் தாங்காதது, சொல்லாமல் நிறுத்துவதும், போனது எப்போது வரும் என்று சொல்லாமல் இருப்பதும். போன் எடுத்தால் “வேலை நடக்குது சார், வந்துரும்” என்பார்கள். எப்போது? அரை மணி நேரமென்றால் பேட்டரி போதும். மூன்று மணி நேரமென்றால் இப்போதே பெட்ரோல் வாங்கப் போக வேண்டும். ராத்திரி முழுக்க என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். அந்த ஒரு பதிலில்தான் எங்கள் முடிவு முழுவதும் இருக்கிறது. கம்பத்தடியில் நிற்கிற லைன்மேனுக்குத் தெரிந்தது, போன் எடுப்பவருக்குத் தெரிவதில்லை. லைன்மேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடைமழையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மனிதர் அவர். ஆள் பற்றாக்குறையில் ஒருவர் பல தெருக்களுக்கு ஓடுகிறார்.

முகூர்த்த நாளில் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் கோயிலைச் சுற்றி மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம். கரண்ட் போனால் மண்டபத்து வாசலில் லாரியில் நிற்கிற பெரிய ஜெனரேட்டர் சில நொடியில் உறுமுகிறது, சீரியல் பல்பு மறுபடி ஓடுகிறது. அதே சந்தில் நாலு வீடு தள்ளி, இட்லிக் கடை அக்கா கிரைண்டரில் பாதி அரைந்த மாவைக் கையால் வழித்துக்கொண்டிருப்பார். கல்யாணம் நன்றாக நடக்கட்டும். காசு இருக்கிற இடத்தில் கரண்ட் நிற்பதில்லை, இல்லாத இடத்தில் மாவு புளித்துப் போகிறது. இது எங்களுக்குப் பழகியே போய்விட்டது. பழகியதுதான் ஆத்திரமாக வருகிறது.

ஜெனரேட்டரையும் முழுக்க நம்ப முடியுமா? 2019 மே 7 மாலை மதுரையில் காற்றும் மழையுமாக அடித்தது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கரண்ட் போனது. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தார்கள். ஜெனரேட்டர் கை கொடுக்கவில்லை, அதனால்தான் போனார்கள் என்று கதறினார்கள் உறவினர்கள். இறந்தவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள், மின்தடை காரணமில்லை என்றது நிர்வாகம். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே இப்படி ஒரு கேள்வி எழ முடியுமென்றால், கயிற்றை இழுத்துக் கிளப்புகிற ஒரு வீட்டு மெஷினை நம்பி அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு எப்படிக் கண்ணயர்வது? ஒவ்வொரு இடிக்கும் எழுந்து உட்கார்கிறோம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மத்திய அரசு 2020 டிசம்பரில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்தது. 24 மணி நேரமும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது அது. 2022 ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது. பெருநகரங்களிலும் பெரிய நகரங்களிலும் காற்று மாசு கூடுவதால், டீசல் ஜெனரேட்டர் ஓட்டும் தேவையே வராதபடி தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஐந்து ஆண்டுக்குள் பேட்டரியோடு கூடிய சுத்தமான மின்சாரத்துக்கு மாற முயல வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. எங்களை மாறச் சொல்கிறவர்கள், தங்களுக்கு எழுதிக்கொண்ட முதல் பாதியை எப்போது செய்வார்கள்? திருப்பரங்குன்றத்தை 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். வரி மாநகர வரி. கரண்ட்டில் மட்டும் நாங்கள் இன்னும் ஊருக்கு வெளியே இருக்கிறோம்.

பிரிட்டனில் மின் வினியோக நிறுவனங்கள் முன்னுரிமைப் பதிவேடு வைத்திருக்கின்றன. வீட்டில் உயிர்காக்கும் கருவியை நம்பியிருப்பவர்கள் அதில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். லைனை நிறுத்துவதாக இருந்தால் அந்த வீடுகளுக்கு முன்கூட்டியே தகவல் போகும், திடீரென்று போனாலும் அவர்களைக் கவனித்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. செய்வதற்கு என்ன கஷ்டம்? ஒவ்வொரு வீட்டுக்கும் சர்வீஸ் நம்பர் இருக்கிறது, அதோடு போன் நம்பரும் சேர்ந்திருக்கிறது, பில் தொகை தவறாமல் குறுஞ்செய்தியாக வருகிறது. பில் வருகிற அதே வழியில், நாளைக்கு உங்கள் தெருவில் நிறுத்தம், இத்தனை மணிக்கு வரும் என்ற செய்தியும் வர வேண்டும்.

இதைத்தான் டாக்டர் சீட்டின் நகலோடு மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கருவி உள்ள வீடுகளைப் பதிய வேண்டும், நிறுத்துமுன் தகவல் வேண்டும், போனால் எப்போது வரும் என்ற நேரம் வேண்டும், மழைக்கு முன்னால் கிளைகளை வெட்ட வேண்டும். எங்கள் தெருக்கோடியில் இதே மெஷின் வைத்திருக்கிற இன்னொரு வீடு உண்டு. அங்கே ஜெனரேட்டர் இல்லை. கரண்ட் போய்ப் பேட்டரி இறங்கத் தொடங்கினால், அந்த வீட்டுப் பையன் தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறான். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு இரண்டு மெஷினையும் அருகருகே ஓட்டுகிறோம். அந்த வீட்டின் சர்வீஸ் நம்பரையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.